ஏற்காட்டில் ஒரே பாறைமேல் வைத்த மூன்று ஜிபிஎஸ் மூன்று இடத்தைக் காட்டுகிறது. எதை நம்பி கேஷ் வைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஜியோகேஷிங் விளையாட்டுக்காக, மற்றவர்கள் ஜிபிஎஸ் எண்ணை வைத்துத் தேடி எடுக்க ஒரு சிறு பெட்டியை, அதாவது கேஷை, ஒளித்து வைக்க வேண்டும். இடம், காபித் தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் நிழலில் ஒரு பாறை. அதன்மேல் கார்மின் கம்பெனியின் இரண்டு கையடக்க ஜிபிஎஸ் கருவிகள், ஈட்ரெக்ஸ் 22எக்ஸும் ஜிபிஎஸ்மேப் 66எஸ்ஆரும்; கூடவே ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன். கார்மின் இரண்டுக்கும் நடுவே வடக்கில் 0.004 நிமிடம், கிழக்கில் 0.003 நிமிடம் வித்தியாசம் (இங்கே நிமிடம் என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு). ஃபோனோ உயரத்தைக் கிட்டத்தட்ட 90 மீட்டர் குறைத்துச் சொல்கிறது. இதில் எந்த எண்ணைப் போடுவது?

அன்றைக்கு அந்த நிமிடத்தில் திரையில் தெரிந்த எதையும் போடாதீர்கள். மூன்றில் எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை.

முதலில் எண்ணை மீட்டராக மாற்றுங்கள். ஏற்காட்டில் 0.001 நிமிடம் என்பது வடக்கு தெற்காக 1.84 மீட்டர், கிழக்கு மேற்காக 1.82 மீட்டர். உங்கள் வித்தியாசம் 7.4 மீட்டரும் 5.5 மீட்டரும். நேர்கோட்டில் 9.2 மீட்டர். மரத்தடியில் ஒவ்வொரு கருவியும் ஆறரை மீட்டர் பிசகுவது சாதாரணம். இரண்டின் பிசகும் தனித்தனியாக இருந்தால் இடைவெளி 6.5 × 1.41, அதாவது 9.2 மீட்டர் வந்துவிடும். மாறாக இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினாலும் சரியான இடம் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரே சாட்டிலைட்டுகள், ஒரே வானம், பக்கத்துப் பாறையில் பட்டு வரும் அதே எதிரொலி; இரண்டும் சேர்ந்தே ஒரு பக்கமாகத் தள்ளிப்போகும். ஒப்பிட வேண்டியது இரண்டு திரைகளை அல்ல, ஒரே கருவியின் வெவ்வேறு நேரத்து ரீடிங்குகளை.

அதற்கு முன் செட்டிங். டேட்டம், அதாவது எண்களைப் பூமியோடு பொருத்தும் அடிப்படை, எல்லாவற்றிலும் டபிள்யூஜிஎஸ் 84 இருக்க வேண்டும். பழைய டோப்போ ஷீட்டை (நில அளவை வரைபடத்தை) பார்ப்பதற்காக யாராவது எவரெஸ்ட் டேட்டத்துக்கு மாற்றி அப்படியே விட்டிருந்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். அடுத்து, எழுதும் முறை. ஜியோகேஷிங்கில் பாகை, தசம நிமிடம்தான் வழக்கம். 11° 46.512′ என்பதை ஒருவர் 11° 46′ 51.2″ என்று குறித்துக்கொண்டால் கேஷ் சுமார் 630 மீட்டர் வடக்கே போய்விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நிமிடத்துக்காகச் சண்டை போடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

கருவியைப் பிடிக்கும் விதத்துக்குப் பலர் மதிப்பே தருவதில்லை. ஈட்ரெக்ஸில் தட்டையான பேட்ச் ஆன்டெனா; திரை வானத்தைப் பார்க்கக் கிடத்தினால் நன்றாகப் பிடிக்கும். 66எஸ்ஆரின் தலையில் நீட்டிக்கொண்டிருப்பது ஹெலிக்ஸ் ஆன்டெனா. அதை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். இரண்டையும் பாறையில் கிடத்தி ஒப்பிட்டால் 66எஸ்ஆருக்கு அநியாயம். அரை மீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். நீங்களும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மனித உடம்பு சிக்னலை நன்றாகவே மறைக்கும்.

மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவி என்றால் முதல் கால் மணி நேரம் எதையும் குறிக்காதீர்கள். எந்த சாட்டிலைட் எங்கே இருக்கும் என்று சொல்லும் முழு அல்மனாக் இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். ஆவரேஜ் எடுக்கும்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து அறுநூறு ரீடிங் சேர்த்தால் அது அறுநூறு சாட்சி ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தில் வானம் அதிகம் மாறியிருக்காது, பிசகும் அதேதான். கார்மின் சொல்லும் முறை நல்ல முறை: ஒரே இடத்தின் பல ரீடிங்குகளைச் சராசரி எடுக்கும் வேபாயிண்ட் ஆவரேஜிங்கில் நான்கு முதல் எட்டு சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 90 நிமிடம். வார இறுதிக்கு வந்தவர்கள் சனிக்கிழமை காலை இரண்டு, மதியத்துக்கு முன் ஒன்று, ஞாயிறு வேறு நேரத்தில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். ‘வேறு நேரத்தில்’ என்பது முக்கியம். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் அதே வானத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சேலம் வட்டாரத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போவதால் நம் தலைக்கு மேலுள்ள அயனமண்டலம், அதாவது மின்னேற்றம் பெற்ற மேல் காற்று மண்டலம், அடிக்கடி கொந்தளிக்கும். பிற்பகலில் சிக்னலின் தாமதம் உச்சத்துக்குப் போகும். சூரியன் மறைந்த பின், குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சிக்னல் மினுக்கும். ரீடிங் திடீரெனத் துள்ளும். அதனால் காலையில் எடுத்தது உசத்தி. 66எஸ்ஆர் எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையையும் கேட்பதால் இந்தத் தாமதத்தைத் தானே அளந்து கழிக்க முடியும். 22எக்ஸால் அது முடியாது. அதில் வாஸ்/எக்னாஸ் என்ற செட்டிங்கை ஆன் செய்யுங்கள். அமெரிக்க, ஐரோப்பியப் பெயர்களாக இருந்தாலும், இந்தியாவின் ககன் சாட்டிலைட்டுகள் அனுப்பும் திருத்தம் அதன் வழியாகத்தான் வரும். சாட்டிலைட் பக்கத்தில் 40 அல்லது 41 என்ற எண் தெரிகிறதா பாருங்கள்.

பனிமூட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஜிபிஎஸ் அலைக்கு அது ஒன்றுமே இல்லை. மழையில் நனைந்த இலைதான் எதிரி. மழை விட்டவுடன் சில்வர் ஓக் கிளைகளுக்கு அடியில் எடுத்த ரீடிங்கை ஒதுக்கிவிடுங்கள். கிளியூர் அருவிப் பள்ளம் மாதிரி பாதி வானத்தை மலை மறைக்கும் இடத்தில் திரை ±4 மீட்டர் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த ± எண் கருவியின் சொந்த ஊகம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால், இரண்டு பிராண்டுகளின் ± எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஃபோன் காட்டிய 90 மீட்டர் பள்ளம் பிசகே அல்ல. சில ஆப்கள், பூமிக்காகக் கணக்கில் வைத்திருக்கும் நீள்கோள வடிவப் பரப்பிலிருந்து உயரம் சொல்லும். கார்மின் கடல் மட்டத்திலிருந்து சொல்லும். தென்னிந்தியாவில் கடல் மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. 1500 மீட்டர் உயரத்து இடம் 1410 என்று தெரிவது அதனால்தான்.

அம்பு தப்பான திசை காட்டுவது வேறு விஷயம். 22எக்ஸில் மின்னணு திசைகாட்டி கிடையாது. நின்றால் அம்பு அலையும், நடந்தால்தான் திசை சொல்லும். திசைகாட்டி உள்ள கருவியைச் சேலம் பக்கத்துக் கஞ்சமலைக்குக் கொண்டுபோனால் அங்குள்ள காந்த இரும்புத் தாது அம்பை இழுக்கும். கோ-ஆர்டினேட் மாறாது. அங்கே அம்பை விட்டுவிட்டு, மீதமுள்ள தூரம் குறைகிறதா என்று மட்டும் பார்த்து நடக்க வேண்டும்.

உங்கள் பாறைக்கு என் யோசனை: 66எஸ்ஆரில் ஐந்து சாம்பிள் ஆவரேஜ் எடுங்கள். பிறகு வேறொரு நாள் 22எக்ஸில் அந்த எண்ணைப் போட்டு, மூன்று திசைகளிலிருந்து முப்பது மீட்டர் தூரம் நடந்து வாருங்கள். தூரம் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு குச்சி நடுங்கள். குச்சியிலிருந்து பாறைக்கு டேப் வைத்து அளந்தால் மூன்றும் ஆறு, ஏழு மீட்டருக்குள் இருந்து, பாறையைச் சுற்றிப் பரவியும் இருந்தால் அந்த எண்ணைத் தாராளமாகப் போடலாம். மூன்று குச்சியும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் இன்னும் இரண்டு சாம்பிள் சேர்த்துவிட்டு மறுபடி நடந்து பாருங்கள்.