கமிஷனுக்கு ஒரு பிள்ளை

கேள்வி: எனக்கு வயது 41. நாளைக்கு மூன்று சிகரெட்தான். வீட்டுக்குள் பிடிப்பதே இல்லை, மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறாவது படிக்கும் மகன் பெட்டிக்கடையில் சில்லறையாக மூன்று வாங்கி வருவான். மீதிக் காசு அவனுக்கு. சினிமாவுக்கு முன்னால் போடும் புற்றுநோய் எச்சரிக்கையைச் சொல்லியே மனைவி உயிரை எடுக்கிறாள். அதெல்லாம் சும்மா மிரட்டல்தானே? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது தம்பி. போகிற போக்கில் பையனைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களே, அதைப் பேசுவோம்.

சிகரெட் அட்டையில் 2009-லிருந்து எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் 85 சதவீத இடம் அதற்குத்தான். சில்லறையாக வாங்குவதால் அந்த அட்டை உங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. புகைந்துகொண்டு தொங்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் புண் வாயைப் பார்த்துக்கொண்டே "அப்பாவுக்கு மூணு" என்று கேட்கிறவன் உங்கள் மகன். மிரட்டலோ இல்லையோ, பார்ப்பவன் அவன். அதற்குக் கமிஷன் வேறு கொடுக்கிறீர்கள்!

18 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் இருக்கிறது. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்? உங்கள் முகத்துக்காகத் தருகிறார். இன்னும் மூன்று வருஷம் கழித்து இதே பையன் தனக்காகவே வந்து "அப்பாவுக்கு" என்று கேட்டாலும் அவர் எடுத்துத் தருவார். அந்த ஒரு சொல் போதும் என்று நீங்கள்தானே பழக்கிவைத்திருக்கிறீர்கள்? மொட்டை மாடிக்குப் போவதால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எந்த தைரியத்தில் எழுதுகிறீர்கள்?

"மூன்றுதான்" என்பதற்கும் வருகிறேன். நாளைக்கு ஒன்றே ஒன்று பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எண்ணிக்கை குறைவு என்று இதயத்திடம் பேரம் பேச முடியாது.

பெற்ற பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது தப்பே இல்லை. உப்புக்கு அனுப்புங்கள், தயிருக்கு அனுப்புங்கள். அப்பாவை அரித்துத் தின்னும் ஒன்றைப் பிள்ளை கையாலேயே வாங்கி வரச் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல அப்பாதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

இன்றைக்கே மகனைக் கூப்பிட்டு, உன்னை அனுப்பியது என் தப்பு என்று சொல்லுங்கள். அப்புறம் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், என் பெயரைச் சொல்லி இவன் கேட்டாலும் தராதீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வந்ததும் 1800-11-2356 எண்ணுக்குப் போன் போடுங்கள். புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத எண் அது, சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மூன்றுதானே, விடுவது சுலபம் என்பீர்கள். சுலபமாக இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். நிக்கோடின் சூயிங்கம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது.

மனைவிக்கு என்ன புரியவைப்பது என்பதை அதற்குப் பிறகு எழுதிக் கேளுங்கள்.