விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்கக் கூடாத பாட்டா?

கேள்வி: எனக்கு இருபத்து மூன்று வயது. கிட்டார் இரைச்சலில் குரல் மூழ்கிப்போகும் ஷூகேஸ், மின்கருவிகளில் செய்யும் இருண்ட இசையான டார்க் எலெக்ட்ரானிக் ஆகிய இரண்டு வகை இசையையும் விரும்பிக் கேட்கிறேன். 2023-இல் வந்தவற்றில் எனக்குப் பிடித்த பாடல்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதலிடத்தில் இருப்பது ஸ்லோடைவ் குழுவின் ‘கிஸ்ஸஸ்’. இவை வெவ்வேறு வகை, ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது என்கிறான் என் நண்பன். பாதி வார்த்தை காதில் விழாத பாட்டை ரசிக்கிறேன் என்பது வெறும் பாவனை என்றும் சொல்கிறான். அம்மாவோ, “விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன இழவுப் பாட்டு” என்று கடிந்துகொள்கிறார். நான் செய்வது தவறா? உங்கள் பட்டியலில் எவையெல்லாம் இருக்கும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நோட்டில் இரண்டு வகைப் பாடல்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதுதான் 2023-க்கு நியாயமான பட்டியல். வேறோர் ஆண்டைப் பற்றிய பேச்சாக இருந்தால் உங்கள் நண்பரின் வாதத்துக்கு ஓரளவு இடம் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த ஆண்டில், நாற்பது ஆண்டுகளைக் கடந்த டெபெஷ் மோட் என்ற எலெக்ட்ரானிக் குழுவும், முப்பது ஆண்டுகளைக் கடந்த ஸ்லோடைவ் என்ற ஷூகேஸ் குழுவும், தங்களில் ஒருவரையோ தங்களைப் பெற்றவரையோ பறிகொடுத்த பிறகு, ஆறு மாதத்துக்குள் அடுத்தடுத்து ஆல்பங்களை வெளியிட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறவருக்கு, ஒரே துக்க வீட்டின் இரண்டு அறைகளில் இருந்துவிட்டு வந்தது போலத்தான் இருக்கும். நடுவில் சுவர் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வரலாறும் உங்கள் பக்கமே நிற்கிறது. மேடையில் கால்மாட்டில் வரிசையாகக் கிடக்கும், கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பெடல்களையே பார்த்துக்கொண்டு கிட்டார் வாசித்ததால், பிரிட்டனின் இசைப் பத்திரிகைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில இளம் குழுக்களுக்கு வைத்த கேலிப் பெயர்தான் ‘ஷூகேஸ்’, அதாவது செருப்பைப் பார்த்து வாசிக்கிறவர்கள். கிட்டார் இசையின் உச்சம் என்று இன்றும் காட்டப்படுகிற மை பிளடி வாலன்டைனின் ‘லவ்லெஸ்’ 1991-இல் வந்தது. அந்தக் குழுவின் டிரம்மர் அப்போது உடல்நலமின்றி இருந்ததால், அவர் வாசித்துத் தந்த அடிகளை, ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் என்ற கருவியில் ஏற்றி, வெட்டி ஒட்டித்தான் பெரும்பாலான தாளங்களை அமைத்தார்கள். சாப்டர்ஹவுஸ் என்ற ஷூகேஸ் குழுவின் இரண்டாம் ஆல்பத்தை குளோபல் கம்யூனிகேஷன் என்ற எலெக்ட்ரானிக் இரட்டையர் 1993-இல் முழுவதுமாகப் பிரித்துக் கட்டி, தனி ஆல்பமாகவே தந்தார்கள். ஸ்லோடைவின் நீல் ஹால்ஸ்டெட் 1995-இல் ‘பிக்மேலியன்’ ஆல்பத்தில் கிட்டாரைத் துண்டு துண்டாக்கிச் சுழலவிட்டு, ஏறக்குறைய எலெக்ட்ரானிக் இசையாகவே செய்தார். வெளிவந்த கையோடு அவர்களுடைய இசை நிறுவனம் குழுவைக் கைவிட்டது. அதற்குப் பிறகு ஸ்லோடைவின் அடுத்த ஆல்பம் வர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. இந்தச் சங்கதியை உங்கள் நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள். எலெக்ட்ரானிக் பக்கம் சாய்ந்ததற்காக விலை கொடுத்த ஒரு குழுவைத்தான் நீங்கள் முதலிடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

என் பட்டியலிலும் முதலிடம் அவர்களுக்குத்தான். பாட்டு மட்டும் வேறு. 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி வெளிவந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஷாண்டி’யை நான் முதலில் வைக்கிறேன். ஹால்ஸ்டெட் வீட்டில் தனியாக, மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் மாடுலர் சிந்தசைசரில் செய்து பார்த்த எலெக்ட்ரானிக் முயற்சிகளில் இருந்துதான் இந்த ஆல்பம் தொடங்கியது. பெருந்தொற்றால் ஒலிப்பதிவு தள்ளிப்போனது. அதே 2020-இல் பாடகி ரேச்சல் கோஸ்வெல்லின் தாயாரும் டிரம்மர் சைமன் ஸ்காட்டின் தந்தையும் காலமானார்கள். ஆல்பம் அவர்கள் இருவருக்கும் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்படும் தலைப்பை, இந்தக் காணிக்கையை அறிந்த பிறகு இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

‘ஷாண்டி’ கிட்டாரில் தொடங்குவதில்லை. ஒரு சிந்தசைசர், சொட்டுச் சொட்டாக, ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு, எந்த நொடியில் வந்தது என்று சொல்ல முடியாதபடி, அதன் அடியில் கிட்டார் நனைந்து பரவும். அந்தச் செப்டம்பரில் என் தந்தையின் காரியங்கள் முடிந்து, இரவு ரயிலில் மேல் படுக்கையில் படுத்தபடி ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதிலும் பந்தல்காரருக்குக் கணக்கு முடிப்பதிலும் நாட்கள் ஓடிவிட்டன. சக்கரத்தின் தடக்தடக்கும் காதுக்குள் அந்தச் சிந்தசைசரின் சுழற்சியும் சற்று நேரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்க்கொண்டிருந்து, கிட்டார் வந்து சேர்ந்த இடத்தில் ஒன்றாயின. அப்போதுதான் அழுதேன். பாட்டில் ஒரு சொல்லும் அதுவரை வரவில்லை.

உங்கள் ‘கிஸ்ஸஸ்’ பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆல்பத்திலேயே வெளிச்சம் மிகுந்த பாட்டு அதுதான். மிக இருண்ட ஒரு ஆல்பத்தை இந்த வேளையில் செய்வது சரியாகப் படவில்லை என்ற எண்ணத்தோடு ஹால்ஸ்டெட் இருந்ததை அந்த ஒரு பாட்டே காட்டிக்கொடுக்கும். சீரான டிரம், மேலே மணி போலத் துலங்கும் கிட்டார், ஹால்ஸ்டெட்டும் கோஸ்வெல்லும் ஒருவர் குரலுக்குள் இன்னொருவர் குரலை வைத்துப் பாடும் விதம் என்று, முதல் தடவையிலேயே பிடித்துப்போகிற பாட்டு. சொற்களே இல்லாத ‘பிரேயர் ரிமெம்பர்டு’ம், கிளம்பும்போது கதவை ஓங்கிச் சாத்துவது போல ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘தி ஸ்லாப்’பும் இன்னும் உங்கள் நோட்டில் ஏறாதது வியப்பாக இருக்கிறது. எட்டே பாடல்கள்தான், வரிசை மாற்றாமல் ஒரே இருப்பில் கேளுங்கள்.

என் இரண்டாமிடம் டெபெஷ் மோடின் ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’. இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில் பாசில்டன் என்ற ஊரில் 1980-இல் தொடங்கிய குழு இது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஃபிளெட்சர் 2022 மே மாதம் 26-ஆம் தேதி, அறுபது வயதில் திடீரென்று இறந்தார். அவர் பெரிய பாடலாசிரியரும் அல்லர், முன்னால் நின்று பாடியவரும் அல்லர். பாடகர் டேவ் கஹானுக்கும் பாடலாசிரியர் மார்ட்டின் கோருக்கும் நடுவில் இருந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவர். குடும்பங்களில் இப்படி ஒருவர் இருப்பார். அவர் போன பிறகுதான், அவரைக் கொண்டே மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவரும். புதிய ஆல்பத்துக்கான பாடல்கள் அதற்குள் எழுதப்பட்டுவிட்டன. மரணத்தை நினைவில் வை என்று லத்தீனில் பொருள்படும் ‘மெமெண்டோ மோரி’ என்ற தலைப்பும் அவர் இறப்பதற்கு முன்பே முடிவானதுதான். சில வாரங்கள் கழித்து, மூவராகப் போயிருக்க வேண்டிய ஸ்டூடியோவுக்கு இருவராகப் போனார்கள்.

இதை அறிந்து ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’ கேட்கிறவர் கனத்த ஒன்றை எதிர்பார்ப்பார். ஆனால் அது இலேசான நடையில் போகிற பாட்டு. மீண்டும் ஆவிகளாவோம் என்ற செய்தியை, நண்பர் ஒருவரை வழியனுப்பும்போது தோளைத் தட்டிச் சொல்வது போலக் கஹான் பாடுகிறார். ஆண்டன் கார்பைன் எடுத்த கறுப்பு வெள்ளைக் காணொளியில் எஞ்சிய இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். 1957-இல் வந்த இங்மர் பெர்க்மன் படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரனை நினைவூட்டும் காட்சி அது. அறுபதை ஒட்டிய வயதில் இருவர் அந்தப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது என் கண்கள் முகங்களில் நிற்காமல், காய் நகர்த்தும் கைகளிலேயே நிற்கின்றன. அதே ஆல்பத்தில் ‘மை காஸ்மோஸ் இஸ் மைன்’ உண்மையாகவே இருண்டது. இரும்புத் தகட்டை இழுத்துக்கொண்டு போவது போன்ற இரைச்சலில் தொடங்கும் அந்தப் பாட்டை அம்மா இருக்கும்போது போட வேண்டாம்.

வார்த்தை காதில் விழாததைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதற்கு வருகிறேன். நம் இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. ஷூகேஸ் பாட்டில் அழிவது அந்த அரை மாத்திரைதான். சொல்லைச் சொல்லாக நமக்குப் பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகளே; அவை நொடியின் ஒரு துளிக்குள் வந்து போய்விடும். ஃபஸ் பெடலால் கரகரத்துப் பருத்த கிட்டார் ஒலி அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. ரிவர்பின் எதிரொலி முந்தைய அசையை இழுத்து நீட்டி அடுத்த மெய்யின் மேல் போர்த்திவிடுகிறது. போதாததற்கு, குரலைக் கிட்டாருக்கு மேலே தூக்கி வைக்காமல், இன்னொரு கிட்டாரைப் போல அதே மட்டத்தில் வைத்துக் கலக்குகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகு நம் காதில் எஞ்சுவது உயிரொலிகளின் நீட்டம் மட்டுமே. துக்கம் தொண்டையை அடைக்கும்போது மனிதர்கள் பேசுவதும் அப்படித்தான்; என்ன சொன்னார்கள் என்பது முழுவதும் விளங்காவிட்டாலும், சொன்னது நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆலாபனையை ஒரு சொல்லும் இல்லாமல் கேட்டு உருகுகிறவரை யாரும் பாவனை செய்கிறார் என்று சொல்வதில்லை. நீங்கள் கேட்பதும் உண்மையான கேட்பே. டார்க் எலெக்ட்ரானிக்கில் குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் அங்கே குரலைச் சுற்றி இருப்பதையெல்லாம் மனிதச் சூடு இல்லாததாக ஆக்கிவிடுகிறார்கள். அந்தக் குளிரில் தனியாக நிற்கும் குரலும், இரைச்சலில் மூழ்கும் குரலும் எனக்கு ஒரே இடத்தில்தான் வந்து தைக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபீவர் ரே என்ற பெயரில் பாடும் சுவீடனின் காரின் டிரைர், 2014 வரை ‘தி நைஃப்’ குழுவில் தம்மோடு இருந்த சகோதரர் ஓலோஃபுடன் மீண்டும் சேர்ந்து செய்த ‘காண்டி’ என் மூன்றாமிடம். அதே ‘ராடிகல் ரொமான்டிக்ஸ்’ ஆல்பத்தில், நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் இசையில் துணை நின்ற ‘ஈவன் இட் அவுட்’, பள்ளியில் தன் பிள்ளையைத் துன்புறுத்திய மாணவனைப் பெயர் சொல்லி எச்சரிக்கும் ஒரு பெற்றோரின் பாட்டு. அந்தக் கோபத்தை எந்தத் தாயும் புரிந்துகொள்வார். சிங்கப்பூரில் வளர்ந்த யூல், முன்பு கணினிக்குள் இருந்து வருவது போலப் பாடிக்கொண்டிருந்தவர். ‘சாஃப்ட்ஸ்கார்ஸ்’ ஆல்பத்தில் கிட்டாரைக் கையில் எடுத்திருக்கிறார். உடைந்த மின்னொலியும் பழைய ஷூகேஸ் கிட்டாரும் ஒரே உடம்பில் தங்கியிருக்கும் ‘டேஸீஸ்’ பாட்டைப் போட்டுக்காட்டினால், உங்கள் நண்பரின் முதல் வாதம் அங்கேயே முடிந்துவிடும். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் தொடங்கி, bdrmm என்று எழுதி பெட்ரூம் என்று உச்சரிக்கப்படும் குழுவின் ‘இட்ஸ் ஜஸ்ட் எ பிட் ஆஃப் பிளட்’, முப்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு பாஸ்டனின் டிராப் நைன்டீன்ஸ் தந்த ‘ஸ்காபா ஃப்ளோ’ ஆகிய இரண்டும் நோட்டில் இருக்க வேண்டியவை. லாஸ் ஏஞ்சல்ஸின் ஹெல்த் குழு ‘ராட் வார்ஸ்’ ஆல்பத்தை டிசம்பர் 7-ஆம் தேதிதான் வெளியிட்டது. அவசரப்பட்டு நோட்டை மூடியிருந்தால் திரும்பத் திறங்கள்.

அம்மாவின் பேச்சைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தவறாகவும் கேட்கவில்லை. இது துக்கத்தில் இருந்து வந்த இசை என்பதை ஒரு வார்த்தையும் புரியாமல் கண்டுபிடித்திருக்கிறார். உங்கள் நண்பருக்கு எட்டாதது அவருக்கு எட்டியிருக்கிறது. அவருக்குக் கவலையெல்லாம் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இதற்குள் போய்விடுகிறீர்களோ என்பதாகத்தான் இருக்கும். இரவு வேலையெல்லாம் முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, ஹெட்போனை விட்டு ஸ்பீக்கரில் ‘கிஸ்ஸஸ்’ போட்டுக்காட்டுங்கள். பாடுகிற பெண் தன் தாயை இழந்தவர், அந்தத் தாயை நினைத்துத்தான் இந்த ஆல்பம் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டாம். அவர் தன் தாயைப் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்கினால், பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விளக்கு வைக்கிற நேரத்தை அவருக்கே விட்டுக்கொடுங்கள். அதனால் இந்தப் பாடல்களுக்கு ஒரு குறையும் வராது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இசையை உரக்கக் கேட்டால்தான் அதன் அடுக்குகள் திறக்கும் என்பது உண்மை. அதனாலேயே காதுக்கு ஆபத்தும் அதிகம். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறைந்துவிடும். மை பிளடி வாலன்டைன் கச்சேரிகளில் வாசலிலேயே காதடைப்பான் கொடுப்பார்கள். உங்கள் போனில் ஒலி அளவைக் காட்டும் வசதி இருந்தால் அதை இன்றைக்கே திறந்து பாருங்கள். இரவில் படுத்தபடி கேட்பதானால், ‘ஷாண்டி’யின் சிந்தசைசர் சுற்றுக்கு இடையே உங்கள் அறை மின்விசிறியின் சத்தமும் மெல்லக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.