கொக்கிக்கு 350 வெள்ளியா, 1,450 வெள்ளியா?

கேள்வி: எனக்கு வயது 35. சுங்கை சிப்புட் டவுனில் குடியிருக்கிறேன், தோட்ட அலுவலகத்தில் வேலை. அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் செம்பனை செம்மண் பாதையில் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் என் சிறிய எஸ்யூவி வருடத்துக்கு மூன்று தடவையாவது அங்கே புதைந்துவிடுகிறது. டிராக்டர்காரர் வெளியே இழுக்க 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறார். போன தடவை இழுத்தபோது காரோடு வந்த திருகுக் கொக்கி வளைந்துவிட்டது. நண்பரின் ஒர்க்‌ஷாப்பில் 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அறுத்து, பம்பருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்துக் கொக்கி செய்து தருகிறேன் என்கிறார்கள், 350 வெள்ளி. என் மாடலுக்கென்றே செய்த போல்ட் செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 1,450 வெள்ளி. 350 வெள்ளிக் கொக்கி இருந்தால் வருடம் 240 வெள்ளி மிச்சம், ஒன்றரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்பது என் கணக்கு. மச்சானிடம் போர்வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) இருக்கிறது, அதன் பின்னால் உள்ள டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்புப் பந்தில்) மாட்டி இழுத்துக்கொள்ளலாம். காருக்கு இன்னும் மூன்று வருடக் கடன் பாக்கி, காப்புறுதியில் என்சிடி (கிளெய்ம் போடாததற்குப் பிரிமியத்தில் கிடைக்கும் கழிவு) 55 விழுக்காடு. சேமநிதியின் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்து இதைச் செய்யலாமா?

பதில்: உங்கள் கணக்கில் அந்த 240 வெள்ளி எப்படி மிச்சமாகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. கொக்கி காரை இழுக்காது. கொக்கி போட்ட பிறகும் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும், 80 வெள்ளியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மச்சானின் போர்வீல் சும்மா வரும் என்று வைத்துக்கொண்டால் மட்டுமே உங்கள் கணக்கு நிற்கும். நல்ல மழையில் நனைந்த செம்மண்ணில் அதுவும் உங்கள் காருக்குப் பக்கத்திலேயே இறங்கிவிட்டால் டிராக்டர்காரருக்கு அன்றைக்கு இரட்டைக் கூலி.

ஆக, கொக்கிக்குக் கொடுக்கும் காசு கூலியை மிச்சப்படுத்தாது. இழுக்கும்போது காருக்கும் ஆளுக்கும் சேதம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் காசு. அப்படிப் பார்த்தால் 350-ஐயும் 1,450-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்க முடியாது. 350 வெள்ளிக் கொக்கி அந்த வேலையைச் செய்யுமா என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் திருகுக் கொக்கி வளைந்ததில் ஆச்சரியமில்லை. பழுதான காரைத் தார் ரோட்டில் நேராக இழுக்கவும், படுக்கை லோரியில் ஏற்றவும்தான் அதைக் கொடுக்கிறார்கள். சேற்றில் புதைந்த கார் வேறு சமாச்சாரம். சக்கரம் பாதி மூழ்கினால், காரின் எடை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு இழுவிசை தேவைப்படும். அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. உங்கள் கார் 1,300 கிலோ என்றால் இரண்டரை டன்னைத் தாண்டிவிடும். டிராக்டர்காரர் கயிற்றைத் தளர்த்தி வைத்து ஒரு குதி குதித்து இழுத்தால் இன்னும் கூடும். அதுவும் பக்கவாட்டில் சாய்வாக இழுத்தால் திருகுக் கொக்கியின் கழுத்துதான் முதலில் போகும். வளைந்ததோடு நின்றது உங்கள் நல்ல நேரம்; அறுந்திருந்தால் அந்த இரும்பு கயிற்றோடு சேர்ந்து பறந்து வந்திருக்கும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

சரி, 10 மில்லிமீட்டர் தகடு கனமானதுதானே என்பீர்கள். தகடு கனம்தான், ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் மெல்லியது. போர்வீல் டிரக்குகளுக்கு அடியில் ஏணி மாதிரித் தனி சேசிஸ் இருக்கும். இப்போது வரும் சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது, உடம்பே சேசிஸ். முன்னால் நீளும் இரண்டு தண்டுகளும் தகட்டை மடித்துச் செய்த பெட்டிக் குழாய்கள், சில மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அவற்றின் நுனியில் மோதலின்போது நசுங்குவதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி, அதற்கு முன்னால் பம்பர் பீம். நண்பர் அங்கே கனத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தால், உறுதிக்காகப் பதப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் தன் பதத்தை இழக்கும். வெல்டிங் கோட்டில் பிசிறு இல்லை, துளை இல்லை, பார்க்க அழகாக இருக்கிறது என்றாலும், அதன் ஓரமாக ஓடும் அந்த நீலம் பாய்ந்த பட்டைதான் பலவீனமான இடம். கிழிந்தால் அங்கேதான் கிழியும். நசுங்க வேண்டிய பெட்டி தகட்டினால் விறைத்துப்போனால், மோதலில் அடி உள்ளே இருப்பவர்களுக்குப் போகும். காற்றுப்பையைத் திறக்கச் சொல்லும் உணரிகளும் பல கார்களில் இதே முன்பக்கத்தில்தான் இருக்கின்றன.

போல்ட் போட்டு மாட்டும் செட்டுக்கு நான் கொஞ்சம் சாதகமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். பம்பர் பீம் மாட்டியிருக்கும் தொழிற்சாலைத் துளைகளையே அது பயன்படுத்தும், சூடு வைக்க வேண்டியதில்லை, கழற்றவும் முடியும். ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். போல்ட்டின் தலையைப் பாருங்கள்: உறுதியின் தரத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டைத் தொடாதீர்கள். 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட் ஒன்று நேர் இழுவையில் ஏறக்குறைய 5 டன் வரை நீளாமல் தாங்கும். குறுக்கே வெட்டும் விசை வந்தால் தாங்குதிறன் வெகுவாகக் குறையும். எத்தனை போல்ட், எந்தத் திசையில் விசை, எத்தனை டன்னுக்குச் சோதித்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். “ஸ்ட்ராங் பாஸ், கேரண்டி” என்று மட்டும் பதில் வந்தால் அது 1,450 வெள்ளிக்கு ஒரு பெயிண்ட் அடித்த தகடு.

இப்போது என் தொழிலான பணக் கணக்குக்கு வருகிறேன். வெல்டிங் கொக்கியின் உண்மையான விலை ஒர்க்‌ஷாப் பில்லில் இருக்காது.

கடன் முடியும்வரை கார் உங்களுடையது இல்லை. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி உரிமை வங்கியிடம்; நீங்கள் வாடகைக்கு ஓட்டுகிறீர்கள். வங்கியின் சொத்தில் வெல்டிங் வைக்கும் முன் ஒப்பந்தத்தில் மாற்றங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலம் இன்னும் ஓடுகிறதென்றால், முன்தண்டில் வெல்டிங் பார்த்ததும் அந்தப் பக்கத்துக் கோளாறு எதையும் அவர்கள் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

விற்கும்போது இன்னும் மோசம். பழைய கார் வியாபாரி பானட்டைத் திறந்ததும் முதலில் பார்ப்பது முன்தண்டுகளையும் அங்குள்ள போல்ட்டுகளையும்தான். அங்கே வெல்டிங் தடம் தெரிந்தால் ‘விபத்துக் கார்’ என்று முடிவு கட்டிவிடுவார். சேற்றிலிருந்து இழுக்கப் போட்ட கொக்கி ஐயா அது என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே விலையில் ஆயிரக்கணக்கில் கழித்திருப்பார். பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வாகனச் சோதனை வேறு இருக்கிறது. வாகனத்தின் கட்டமைப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் முன்னதாக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குக் காசு கிடையாது.

அப்புறம் காப்புறுதி. உங்கள் 55 விழுக்காடு என்சிடியை நான் ஒரு சொத்தாகத்தான் பார்க்கிறேன், ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்தது. கழிவுக்கு முந்தைய பிரிமியம் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இப்போது கட்டுவது 675. தப்பான கொக்கியில் இழுத்து ரேடியேட்டரும் பீமும் போய், சொந்தச் சேதத்துக்கு ஒரு கிளெய்ம் போட்டால் என்சிடி சுழியத்துக்கு வந்துவிடும். அடுத்த வருடம் 1,500 முழுசாக. பிறகு 25 விழுக்காடு, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடி 55-ஐத் தொடும்வரை நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 825, 450, 375, 250, 150. கூட்டினால் 2,050 வெள்ளி. காரின் மதிப்பு குறையக் குறைய பிரிமியமும் இறங்கும், ஆகவே உங்கள் கணக்கில் கொஞ்சம் குறையலாம். ஆனால் 2,000 வெள்ளிக்குக் குறைவான சேதத்துக்கு கிளெய்ம் போடுவதில் அர்த்தமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

செய்திருக்கும் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் மறைப்பதும் புத்திசாலித்தனமில்லை. 2013 நிதிச் சேவைகள் சட்டப்படி, அவர்கள் கேட்கும் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போதும் அது பொருந்தும். எந்தக் கொக்கி போட்டாலும் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஏஜெண்ட் போனில் “ஒன்றும் பிரச்சினை இல்லை அண்ணே” என்று சொன்னது நாளைக்குக் கைகொடுக்காது.

ஆக 1,450 வெள்ளி செட்டா என்றால், அதுவும் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1,450 அதோடு நிற்காது. 4.75 டன் என்று பொறித்த 19 மில்லிமீட்டர் ஷாக்கிள் (கயிறு மாட்டும் வளைய இரும்பு) இரண்டு, இரண்டு பக்கத்துக்கும் பாரத்தைப் பிரிக்கும் பட்டை, ஒழுங்கான இழுவை ரோப், பம்பரைக் கழற்றி மாட்டும் கூலி என்று சேர்த்தால் 2,000-த்தை நெருங்கிவிடும். இத்தனை செலவுக்குப் பிறகும் கார் அதே பள்ளத்தில் அதே மாதிரி புதையும்!

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் அந்தப் பாதையைப் பற்றியது. கார் எங்கே வேண்டுமானாலும் புதைவதில்லை. பெரும்பாலும் ஒரே தாழ்வான இடத்தில்தான் இருக்கும், போய்ப் பாருங்கள். அங்கே கார் புதைகிறதென்றால் உங்கள் பழக்குலை ஏற்றும் லோரியும் மழை நாளில் வரத் தயங்கும். வெட்டிய குலை எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு எண்ணெயில் அமிலம் ஏறும்; அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். நாள் தள்ளிப்போனால் தரமும் எடையும் குறைந்து, விலையில் அடிபடுவது நீங்கள்தான்.

அந்த 2,000 வெள்ளியைப் பாதையில் போடுங்கள். முதலில் ஓரத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள், இதற்குச் செலவு குறைவு. பிறகு குவாரியில் கிரஷர் ரன் என்று கேட்டால் பொடியும் ஜல்லியும் கலந்த கல் தருவார்கள். சேற்றின் மேல் நேராகக் கொட்டினால் கல் உள்ளே போய்விடும். ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து அதன்மேல் கொட்டி மிதித்து இறுக்க வேண்டும். பாதை தோட்டத்துக்குச் சொந்தமென்றால் நிர்வாகியிடம் அனுமதி வாங்குங்கள். அதே பாதையில் போகும் மற்ற சிறுதோட்டக்காரர்களையும் கூப்பிட்டுச் செலவைப் பங்கு போடலாம். காருக்குப் போட்ட கொக்கி வருமானம் தராது, கல் கொட்டிய பாதை தரும்.

கைச்செலவாக மண்வெட்டி ஒன்று, சக்கரத்துக்கு அடியில் செருகும் பிடிப்புப் பலகை இரண்டு, டயரில் காற்று அடிக்கும் சின்ன பம்ப் ஒன்று. டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினாலே பாதி நேரம் கார் தானாக வெளியே வந்துவிடும். தார் ரோட்டுக்கு ஏறும் முன் மறுபடி அடித்துவிடுங்கள். பலகைகளை நம்பகமான கடையில் வாங்குங்கள், மலிவானவை ஒரே சுழலில் பல் தேய்ந்துவிடும்.

சேமநிதி பற்றி. 2024 மே 11 முதல் உங்கள் சந்தாவில் 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்குப் போகிறது, 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதாலேயே எடுக்கத் தோன்றுவதுதான் சிக்கல். 2024-க்கான லாப ஈவு 6.30 விழுக்காடு. அவ்வளவு வேண்டாம், 5 விழுக்காடு என்று வைத்தாலும் 2,000 வெள்ளி உங்கள் 55 வயதில் ஏறத்தாழ 5,300 ஆகியிருக்கும். கொக்கிக்காக அதைத் தொட வேண்டாம். பாதைக்குக்கூட அங்கிருந்து எடுக்காதீர்கள். குலை விற்ற காசில் மாதாமாதம் ஒதுக்கி, அக்டோபர் மழைக்கு முன் முடிக்கப் பாருங்கள். கடன் அட்டையில் போட்டு இழுத்தடித்தால் வருடத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கல் கொட்டிய பிறகும் கார் புதைகிறதென்றால், கடன் முடிந்ததும் அந்த போல்ட் செட்டைப் பற்றி மறுபடி எழுதுங்கள், அப்போது என் பதில் மாறலாம்.

மச்சானின் டோ பால் விஷயத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது. அந்தப் பந்தில் பட்டையை மாட்டிப் புதைந்த காரை இழுக்கவே கூடாது. டிரெய்லரை உருட்டிக்கொண்டு போகத்தான் அது. புதைந்த காரின் வெட்டிழுப்பில் பந்தின் கழுத்து ஒடிந்து, பின்னால் வரும் காரின் கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். டோ பாரின் சதுரக் குழாய்க்குள் செருகும் ஷாக்கிள் பிளாக் தனியாகக் கிடைக்கிறது, அதை மச்சானுக்கு வாங்கிக் கொடுங்கள். யார் இழுத்தாலும் கயிற்றின் நடுவில் ஒரு கனமான ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, கயிறு நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு வேடிக்கை பார்ப்பவர்களை விரட்டிவிடுங்கள், பிள்ளைகளை முதலில்.