ஏழு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற ஸ்பிளெண்டர்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் தந்தை 1998-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், அவர் காலமான பிறகு ஏழு ஆண்டுகளாக வீட்டின் பின்புறக் கொட்டகையில் நிற்கிறது. நிறுத்தியபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் பெட்ரோலும் இருந்தது. இப்போது டயர்கள் தரையோடு அமுங்கிவிட்டன, சைலன்சர் துருப்பிடித்துவிட்டது. வாட்டர் சர்வீஸ் செய்து, பெயிண்ட் அடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினால் போதுமா? என்னிடம் ஒரு ஸ்பேனர் செட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகள் ஓய்வாக இருக்கின்றன. (மன்னார்குடி வாசகர்)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடைசி வேலை, பல நேரங்களில் தேவையே படாத வேலை. வாட்டர் சர்வீஸ் அதற்குச் சற்று முன்னால் வரவேண்டியது. கிக்கரில் கால் வைப்பதோ, இன்ஜினுக்குள் என்ன நிலை என்று தெரிந்த பிறகுதான். நெடுநாள் நின்ற வண்டிகளில் நான் பார்த்த சேதத்தில் பெரும்பகுதி கொட்டகையில் நேர்ந்தது அன்று. வெளியே இழுத்துவந்த முதல் அரை மணி நேரத்தில், ஆர்வத்தால் நேர்ந்தது.

முதலில் வண்டியைத் தொடாமல் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டியின் பதிவு காலாவதியாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, புதுப்பிக்கப் படிவம் 25 என இரண்டு விண்ணப்பங்கள் தேவைப்படும். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பழைய வண்டிகளுக்கான கட்டணமும் அண்மையில் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே தொகையை அரசின் பரிவாஹன் இணையதளத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ கேட்டறிந்த பிறகு, இந்த வண்டிக்கு எவ்வளவு செலவிடலாம் என்று முடிவு செய்யுங்கள். ஹேண்டில்பார் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணையும், இன்ஜின் எண்ணையும் டீசல் நனைத்த துணியால் மட்டும் துடைத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் உப்புத்தாள் போடாதீர்கள். தடித்த பெயிண்டும் வேண்டாம். எண் தெளிவாகத் தெரியாத வண்டி ஆய்வில் நின்றுவிடும்.

அடுத்து, கையுறை போட்டுக்கொண்டு சீட்டையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றிப் பாருங்கள். ஏழு ஆண்டுகளில் எலி ஒயரைக் கடித்திருக்கும், ஏர் பில்டர் பெட்டிக்குள் பஞ்சும் வைக்கோலும் சேர்த்திருக்கும். சைலன்சரின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். நம் ஊர்க் கொட்டகைகளில் தேளும் இருக்கலாம் என்பதால் கையுறையைச் சொன்னேன். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் போட்டு, மேலே எழுதி வையுங்கள்.

இனி இன்ஜின். நின்ற இன்ஜினின் உள்சுவரில் எண்ணெய்ப் படலம் காய்ந்திருக்கும். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரில் லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் கிக்கரை ஓங்கி உதைத்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும், அல்லது ரிங் முறியும். எனவே பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காம் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தயங்கித் தயங்கியாவது சுழன்றால் பெரும் கவலை தீர்ந்தது. கல்லைப் போல நின்றால் இன்னும் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றும் வேலை மெக்கானிக்குடையது, உங்கள் கைவலிமையுடையது அன்று.

சுழன்ற பிறகு பழைய ஆயிலை வடித்துவிடுங்கள். வடியும்போது நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் வழக்கமானது. பால் கலந்த காப்பியைப் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள், அப்போது ஒருமுறை விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பின்னர் இன்ஜின் கிளம்பியதும் சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் வடிக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆயில் பிடிக்கும். அளவுக்குச்சியைத் திருகாமல், துளையில் வைத்து மட்டும் பாருங்கள். புது ஆயில் ஊற்றியதும், பிளக் வெளியே இருக்க, சாவி அணைந்திருக்க, முப்பது நாற்பது முறை நிதானமாகக் கிக் அடியுங்கள். ஸ்பிளெண்டரின் கேம் ஷாப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட்டின் உச்சியில் இருக்கிறது. ஏழு ஆண்டுகளில் அங்கிருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்கிவிட்டிருக்கும். பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றுவதற்கு முன் இன்ஜின் கிளம்பினால், கேம் உலர்ந்த நிலையில் உராயும். பிளக் இல்லாததால் இந்தக் கிக்குகளில் கம்ப்ரஷன் எதிர்ப்பு இருக்காது, கால் வலிக்காது.

டேங்கில்தான் அதிக நேரம் போகும். பழைய பெட்ரோல் ஆவியாகி, அடியில் கோந்து போன்ற படிவாகத் தங்கியிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அதற்குக் கீழே துருவும் இருக்கும். டேங்கை வெளியே, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் இறக்கி, பெட்ரோல் காக்கை (டேங்கின் அடியில் உள்ள திறப்பு வால்வை) கழற்றி, உள்ளதை ஒரு கேனில் வடித்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவிய பிறகு, துளைகளை அடைத்து, வெள்ளை வினிகரை நிரப்பி, ஒரு கைப்பிடி சிறு நட்டுகளையும் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் ஊறவிடுங்கள். நட்டுகளை எண்ணிப் போட்டு, எண்ணி எடுக்க மறக்காதீர்கள். பின் சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, சிறிது ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றி ஊற்றுங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் மீண்டும் செம்பழுப்புப் படலம் வந்துவிடும். கழிவறை ஆசிட்டைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது துருவோடு தகட்டையும் சேர்த்துத் தின்னும். கையால் அழுத்தினால் வளையும் அளவுக்குத் தகடு மெலிந்திருந்தால் பழைய டேங்க் ஒன்றை வாங்குவதே சரி. வெல்டிங் வைக்கும் எண்ணமே வேண்டாம். காலி டேங்கில் தங்கிய பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

கார்புரேட்டரைக் கழற்றும்போது ரப்பர் கேஸ்கட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைக்காதீர்கள், அவை உப்பிப் பொருந்தாமல் போகும். ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் மெல்ல ஓடுவது) தராமல் தொல்லை செய்வது பெரும்பாலும் பைலட் ஜெட் என்ற, பெட்ரோல் செல்லும் சிறிய துளையுள்ள திருகுதான்; வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவு துளை தெரிய வேண்டும். அடைத்திருந்தால் ஊதியோ, செம்புக் கம்பியின் ஓர் இழையாலோ எடுங்கள். இரும்பு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சீராக்கும் கலவை ஸ்குரூவைக் கழற்றுமுன் அதை இறுதிவரை முறுக்கி, எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதால், பழைய பெட்ரோல் குழாயைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

பிரேக் முடியாமல் இன்ஜினைக் கிளப்பலாம், வண்டியை ஓட்டக்கூடாது. ட்ரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஆகவே ஈரத்துணியால் துடையுங்கள். ஷூ பளபளவென்று கண்ணாடி போல் இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1217 என்றால் 2017-இன் 12-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்பக்க மேடுகள்) எவ்வளவு உயரமாக இருந்தாலும், பக்கச் சுவர் வெடித்திருந்தால் இரண்டையும் டியூப்போடு மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் செய்யாதீர்கள். செயின் மூடிய கவருக்குள் இருந்ததால் துரு குறைவாகவே இருக்கும். டீசலில் கழுவி, ஆயில் விட்டு, நடுவில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆடும்படி இழுத்தால் போதும்.

பேட்டரியை மாற்றாமல் தப்ப முடியாது. ஆனால் இந்த வண்டியின் ஹெட்லைட், பேட்டரி இல்லாமல், இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னட்டோவிலிருந்து நேரடியாக எரிவதால், ஹாரனும் இண்டிகேட்டரும் மட்டும் வேலை செய்யவில்லை என்று ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் புதுப் பெட்ரோல் அரை லிட்டர் போதும். சைலன்சரிலிருந்து முதல் சில நிமிடங்கள் நீலப்புகை வரும்; நீங்கள் விட்ட ஆயில் எரிகிறது. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் விடாது வந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய வண்டிக்குத்தான் குளியல். இன்ஜினின் அலுமினியப் பகுதிகளில் காஸ்டிக் சோடா வேண்டாம். டீசலும் பிரஷும், பின் சோப்புத் தண்ணீரும் போதும். குரோம் பகுதியில் மேலோட்டமான துருவைத் தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தால் கீறல் இல்லாமல் எழும்பும். சிறு குழிகளாக அரித்துவிட்டிருந்தால் தேய்த்துப் பயனில்லை. டேங்கை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து மெழுகு பூசிப் பாருங்கள். மங்கிய பெயிண்டுக்கு அடியில், உங்கள் தந்தை வாங்கியபோது இருந்த நிறம் பாதிக்கு மேல் திரும்பி வரும். அப்படி வந்தால், பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள் என்பதே என் யோசனை. முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மீண்டும் மாற்றிவிட்டு, அதன்பிறகு தூரப் பயணம் வையுங்கள்.