டொமினிக்கன் அக்கார்டியன் இசையை நியூயார்க்கில் இன்னும் யாராவது கேட்கிறார்களா?

கேட்கிறார்களாவா! நியூயார்க்கில் டொமினிக்கன்கள் நிறைய வாழும் வாஷிங்டன் ஹைட்ஸில் நான் நாலு வருடம் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு சலூன், சனிக்கிழமையானால் அலாரமே வேண்டாம், அக்கார்டியன் எழுப்பிவிடும். முதல் ஆறு மாதம் எரிச்சல்தான். அப்புறம் பழகிவிட்டது.

இதற்கு மெரெங்கே தீபிகோ என்று பெயர். பெரிகோ ரிப்பியாவ் என்றும் சொல்வார்கள், ஆனால் அது ஒரு விலைமாதர் விடுதியின் பெயர் என்றொரு கதை இருப்பதால் வாசிப்பவர்கள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பிறந்த இடம் கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் வடக்கே உள்ள சிபாவோ, புகையிலை விளையும் பூமி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிலை வாங்க வந்த ஜெர்மன் வியாபாரிகளோடுதான் அக்கார்டியனும் வந்தது. பியானோக் கட்டை கிடையாது, பொத்தான் வைத்த சின்னப் பெட்டி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு ஸ்வரம்தானே? இதில் அதே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுத்தால் ஒன்று, தள்ளினால் வேறொன்று. அந்தத் தள்ளுமுள்ளில் ஸ்வரங்கள் பொரி மாதிரி தெறிக்கும். கூடவே மடியில் தம்போரா என்ற மேளம், ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறுங்கை. அப்புறம் ஆணியால் குத்திய தகர உருளையைக் கம்பியால் பரபரவென்று சுரண்டும் குவிரா.

1961இல் சர்வாதிகாரி ட்ருஹியோ கொல்லப்பட்ட பிறகு மக்கள் நியூயார்க்குக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஊரில் பட்டிக்காட்டுப் பாட்டு என்று மட்டம் தட்டப்பட்ட இசை, இங்கே ஊரையே கையில் தருகிற பொருளாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை புரூக்ளினில் ஒரு நடன விடுதிக்கு அழைத்துப் போனார். பாட்டின் நடுவிலேயே பாடகர் வந்திருப்பவர்களின் பெயரையும் ஊரையும் கூவுகிறார், சலூதோ என்பார்கள். தன் பெயர் வந்ததும் இந்த மனிதர், அறுபது வயதுக்காரர், நாற்காலியை விட்டு எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

பழசைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 90களில் ஃபுலானித்தோ என்ற நியூயார்க் ராப் குழு அக்கார்டியனோடுதான் பிரபலமானது, வாசித்த அர்செனியோ தெ லா ரோசா குழுவில் ஒருவரின் அப்பா! ராப்பும் அக்கார்டியனும் ஒட்டாது என்று நினைத்தேன், கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, எங்கே தொடங்கலாம்? 1976இல் கார் விபத்தில் இறந்த தாத்திகோ என்ரிகேஸ், பிறகு ஃபெஃபிதா லா கிராந்தே, இருவருமே அக்கார்டியன் வாசிப்பவர்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள்.