மகளின் புள்ளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. அமெரிக்காவில், மிட்வெஸ்டில் இருக்கிறோம். ஒரே மகள். இந்த ஆண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மார்ச்சிங் பேண்டுக்கு, அதாவது மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு, வாசித்துக் காட்டும் தேர்வுக்குப் போய், இடமும் வாங்கிவிட்டாள். மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறாள். வகுப்பு தொடங்கும் முன்பே ஆகஸ்ட் வெயிலில் பயிற்சி முகாம். இப்போது வாரத்தில் நான்கு மாலை ஒத்திகை, கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை முழுநாளும் போய்விடுகிறது. படிப்பு என்ன ஆகுமோ என்று அவள் அம்மாவுக்குத் தூக்கமில்லை.

போன வாரம் ஆட்டத்துக்குப் போனோம். மகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று மைதானத்தை ஒட்டி நான்காவது வரிசையில் அதிக விலைக்கு டிக்கெட் வாங்கினேன். இடைவேளையில் இருநூறு பேர் ஒரே உடுப்பு, ஒரே தொப்பியில் வந்தார்கள். அதில் என் பிள்ளை எது என்றே தெரியவில்லை. சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் சாப்பாடு வாங்க எழுந்து போய்விட்டார்கள். ஊர்க் கல்யாணங்களில் நாதஸ்வரம் வாசிப்பவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். யாரும் காது கொடுக்க மாட்டார்கள், தாலி கட்டும்போது மட்டும் "கெட்டிமேளம்" என்று கையைக் காட்டுவார்கள். யாரோ ஆடும் ஆட்டத்துக்கு என் மகள் பக்கவாத்தியமா?

இப்போது பேண்டுக்கு நன்கொடை கேட்டு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. கோச்சுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம் தரும் இடத்துக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? உங்கள் மகன் பேண்டில் இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நாதஸ்வரம் பற்றிய வரியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. நானும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வாசிப்பார். கூடம் முழுக்க ஊர்ப் பேச்சு நடக்கும். சாப்பாட்டில் கடைசிப் பந்திதான் அவர்களுக்கு. ஆனால் அந்த இடத்தில் குறை யாருடையது? வாசித்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். கேட்கத் தெரியாமல் போனது நமக்கு. உங்கள் மகள் விஷயத்திலும் அதேதான். சாப்பாடு வாங்க எழுந்து போனவர்களை வைத்து அவள் செய்கிற வேலையை எடை போடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் உட்கார்ந்த இடம் தவறு. அதிக விலை டிக்கெட் ஆட்டம் பார்ப்பதற்குச் சரி. பேண்டு பார்க்க அது உதவாது.

மைதானத்தில் பேண்டு போடுவது ஒரு புள்ளிக் கோலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி உண்டு, அதை அவர்களே "டாட்" என்றுதான் சொல்வார்கள். எந்த யார்டு கோட்டிலிருந்து எத்தனை காலடி தள்ளி, முன்பக்கக் கோட்டிலிருந்து எத்தனை காலடி உள்ளே என்று ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு கணக்கு. ஐந்து யார்டைக் கடக்க எட்டுக் காலடி, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். ஆறடிப் பையனுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் அதே அளவுதான். முகமும் வாத்தியமும் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்க, கால் பின்னால் நடக்கும். மூச்சு வாத்தியத்துக்குப் போக வேண்டும், பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் கையைவிட்டுக் கண் நகரக் கூடாது, ஓரக்கண் பக்கத்து ஆளோடு வரிசை பிடிக்க வேண்டும். வாசலில் போட்ட பெரிய கோலம் பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் கோடுகளாகத்தான் தெரியும். மாடியிலிருந்து பார்த்தால்தான் அது தேர். நான்காவது வரிசையிலிருந்து நீங்கள் பார்த்தது கால்களை மட்டும்.

நான் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேண்டு இந்த ஊரின் உயிர். 1878இல் ராணுவப் பயிற்சிக்காக ஊதுகுழலும் முரசுமாகத் தொடங்கியது. 1934 முதல் பித்தளை வாத்தியங்களும் தாளமும் மட்டும்தான், கிளாரினெட்டோ புல்லாங்குழலோ கிடையாது. பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1973இல்தான். உங்கள் மகள் இன்று சாதாரணமாக நிற்கும் இடத்துக்கு அவளுக்கு முந்தைய தலைமுறைப் பெண்கள் வாதாடித்தான் வர வேண்டியிருந்தது.

இங்கே ஆட்ட நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஆட்டத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வெளியே "ஸ்கல் செஷன்" என்று ஒரு பொது ஒத்திகை. செயின்ட் ஜான் அரங்கில் அதைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். அதில் என்னை ஈர்த்தது வேறொன்று. ஆட்டக்காரர்கள் அங்கே பேண்டைத் தேடி வருகிறார்கள். வரிசையாக வந்து கேட்டுவிட்டு, அப்புறம்தான் மைதானத்துக்குப் போகிறார்கள். ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம் அது. சரிவுப் பாதை வழியாக முரசுகள் இறங்கும்போது சிமெண்ட் அதிர்வது காலில் தெரியும். டிரம் மேஜர் தொப்பி இறகு தரையைத் தொடும்வரை பின்னால் வளைவார்.

பிறகு ஸ்கிரிப்ட் ஒஹாயோ. பேண்டு முழுவதும் ஒரே வரிசையாகக் கோத்து நடந்து, மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதுவார்கள். முதலில் செய்தது 1936இல். கடைசியில் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளி வைக்க ஒரே ஒருவர் நடந்து வருவார். தொடக்கத்தில் அது கார்னெட் என்ற சிறிய ஊதுவாத்தியம் வாசித்தவருக்கு. 1937இலிருந்து சூசாஃபோன் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவருக்கு வந்துவிட்டது. சுமார் பதினைந்து கிலோ வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு துள்ளி வந்து, தொப்பியைக் கழற்றி இரண்டு பக்கமும் இடுப்பு வளைய வணங்குவார். நான்காவது ஐந்தாவது வருடம்தான் அந்த முறை வரும், அதுவும் பெரும்பாலும் ஒரே தடவை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு, ஒரு புள்ளிக்காக ஒரு லட்சம் பேர் எழுந்து நிற்பது சட்டென்று புரிந்துவிடும். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இடைவேளை மட்டும்தான் அவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். மூன்றரை மணி நேரமும் கேலரியில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். வாசிக்கக் கிடைக்கும் இடைவெளி சில வினாடிகள்தான். எதிரணி வரிசையில் நின்று பந்தை எடுக்கத் தயாராகும்போது வாசிப்பை நிறுத்திவிட வேண்டும், அவர்கள் சொல்லும் குறிச்சொல்லை அமுக்கக் கூடாது என்பது விதி. தங்கள் அணி டச்டவுன் போட்டுப் பாயிண்ட் எடுத்த நொடியில் பல்கலைக்கழகப் பாட்டு எழ வேண்டும். நவம்பர் குளிரில் வால்வு இறுகிவிடும், ஊதுவாய் உதட்டைச் சுடும். அதனால் வாத்தியத்தைக் கோட்டுக்குள் அணைத்துச் சூடாக வைத்துக்கொள்வார்கள்.

ஆட்டத்துக்கு வந்தவர்களிலேயே தோற்றாலும் கடைசிவரை எழுந்து போகாதவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். நாற்பது பாயிண்ட் பின்தங்கி, மழையில் கேலரி காலியான பிறகும் அவர்கள் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். அன்று ஜெயித்த அணி எது என்று எனக்கு மறந்துவிட்டது. அந்த வாசிப்பு மறக்கவில்லை.

பேண்டைப் பார்ப்பதற்கென்றே யாராவது வருவார்களா என்று உங்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. தெற்கே கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இடைவேளையில் யாரும் எழுந்து போக மாட்டார்கள், ஆட்டம் நடக்கும்போதுதான் சாப்பாடு வாங்கப் போவார்கள். நியூ ஆர்லியன்ஸில் கிராம்ப்ளிங், சதர்ன் என்ற இரண்டு கல்லூரிகளும் மோதும் பேயூ கிளாசிக் ஆட்டத்தை ஒட்டிப் பேண்டுகளுக்கென்றே ஒரு போட்டி உண்டு. ஆட்டம் முடிந்த பிறகும் இரண்டு பேண்டும் எதிரெதிரே நின்று மாறி மாறி வாசிக்கும் வழக்கத்துக்கு "ஐந்தாவது கால்பகுதி" என்று பெயர், ஆட்டத்துக்கு நான்கு கால்பகுதிதான். ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பேண்டை வில்லியம் ஃபாஸ்டர் 1946இல் கையில் எடுத்தார். பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவில், 1989 ஜூலை 14 அன்று, பாரிஸ் அணிவகுப்பில் அமெரிக்காவின் சார்பில் நடந்தது அந்தப் பேண்டு. டென்னசி ஸ்டேட் பேண்டு 2023இல் கிராமி விருதே வாங்கியது. இனப் பாகுபாட்டால் மற்ற கதவுகள் மூடியிருந்த காலத்தில் அந்தக் கல்லூரிகள் இசையைத் தங்கள் பெருமையாக வளர்த்தார்கள். அங்கே பேண்டை யாரும் பக்கவாத்தியம் என்று சொல்ல மாட்டார்கள்.

அதே ஃபுளோரிடா பேண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். 2011 நவம்பரில் ஓர் ஆட்டம் முடிந்த இரவு, பேண்டுப் பேருந்துக்குள் நடந்த ராகிங்கில் ஒரு மாணவர் அடிபட்டு இறந்தார். பேண்டை நிறுத்திவைத்து, 2013இல்தான் மறுபடி அனுமதித்தார்கள். இறுக்கமான கூட்டம் எதிலும் இந்த நோய் வரலாம். சீனியர்கள் எப்படி நடத்துகிறார்கள், "வழக்கம்" என்ற பெயரில் எதையாவது ரகசியமாக வைக்கச் சொல்கிறார்களா என்று மகளிடம் நேராகக் கேளுங்கள். பேண்டில் சேர்ந்ததற்காக நீங்கள் கோபமாகவே இருந்தால், அப்படி ஏதாவது நடந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

படிப்புக்கு வருகிறேன். பெரும்பாலான கல்லூரிப் பேண்டுகளில் இசை படிக்கும் பிள்ளைகள் சிறுபான்மை, இன்ஜினியரிங் பிள்ளைகள் நிறைய. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஏரோநாட்டிக்கல் படித்துக்கொண்டு பேண்டில் பாரிடோன் என்ற ஊதுவாத்தியம் வாசித்த ஒரு மாணவரை உங்களுக்கே தெரியும், நீல் ஆம்ஸ்ட்ராங். உங்கள் மகள் நிலவுக்குப் போவாள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நேரம் குறைவாக இருக்கும் பிள்ளைகள் இருக்கும் நேரத்தை ஒழுங்காகப் பிரித்துக்கொள்வதை என் வீட்டிலேயே பார்த்தேன். முதல் செமஸ்டர் மதிப்பெண் வரும்வரை பொறுங்கள். குறைந்தால் அப்போது உட்கார்ந்து பேசலாம்.

சரி, பணம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோச்சின் சம்பளத்துக்காகப் பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். ஒரு சூசாஃபோன் பல ஆயிரம் டாலர். உடுப்பு, வெளியூர்ப் பயணத்துக்குப் பேருந்து, இரவுச் சாப்பாடு என்று செலவு நீண்டுகொண்டே போகும். நூறு டாலர் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஆனால் விளையாட்டுத் துறையின் பொது நிதிக்கு அனுப்பாதீர்கள். பேண்டுக்கென்று தனி நிதி இருக்கிறதா என்று கேட்டு, அதற்கென்றே குறிப்பிட்டு அனுப்புங்கள். உங்கள் கம்பெனி நன்கொடைக்கு ஈடாக அதே தொகையைப் போடுகிறதா என்றும் பாருங்கள். நம் ஆட்கள் பலர் அந்தப் படிவத்தைத் தொடுவதே இல்லை.

பணமில்லாமலும் செய்ய நிறைய இருக்கிறது. என் மகன் உயர்நிலைப் பள்ளியில் டிராம்போன் வாசித்த நான்கு வருடமும் நான் தண்ணீர் வண்டி தள்ளினேன். தொப்பியில் இறகு செருகினேன். கால்சட்டை ஓரம் பிரித்துத் தைத்தேன். முதல் வருடம் கடமைக்குத்தான் போனேன். ஒத்திகையில் எட்டே எட்டுக் காலடியை இருபது தடவை திரும்பத் திரும்ப நடக்க வைத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்றிலிருந்து மனசோடு போனேன். கல்லூரியில் பெற்றோருக்கு அவ்வளவு வேலை இருக்காது. ஆனாலும் ஒத்திகையைத் திறந்த வெளியில் நடத்தினால் போய் நில்லுங்கள். சீசன் முடிவில் அரங்கத்துக்குள் கச்சேரி வைத்தால் போங்கள். பேண்டு இயக்குநருக்கு நான்கு வரி நன்றி எழுதுங்கள். எதிரணிப் பேண்டுக்கும் கை தட்டுங்கள், அவர்கள் பல மணி நேரம் பேருந்தில் வந்தவர்கள்.

"யாரோ ஆடும் ஆட்டம்" என்று எழுதியிருந்தீர்கள். 2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேனில் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி. யேல் அணி விளையாடுகிறது, அவர்கள் பேண்டால் வர முடியவில்லை. பக்கத்து மாநிலத்து ஐடஹோ பல்கலைக்கழகப் பிள்ளைகள் யேல் பனியனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத கல்லூரியின் பாட்டை அவசரமாகக் கற்றுக்கொண்டு போய் வாசித்தார்கள். பலம் மிகுந்த ஆபர்ன் அணியை 78–76 என்று யேல் வென்றது. அன்று அது ஐடஹோ பிள்ளைகளின் ஆட்டமாகவும் ஆகிவிட்டது, அவர்கள் குதித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஹோம் ஆட்டத்துக்கு மலிவான டிக்கெட் வாங்குங்கள். பத்திரிகையாளர் மாடம் இருக்கும் பக்கம், ஐம்பதாவது யார்டுக்கு நேரே, கிடைக்கிற வரைக்கும் உயரத்தில். பேண்டு அந்தப் பக்கம் பார்த்துத்தான் வாசிக்கும். வீட்டில் டிவியில் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இடைவேளையில் டிவிக்காரர்கள் ஸ்டுடியோவுக்கும் விளம்பரத்துக்கும் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு மகளுக்கு போன் செய்து, "உன் முதல் புள்ளி எங்கேம்மா?" என்று கேளுங்கள். யார்டு எண்ணைச் சொல்வாள், குறித்துக்கொள்ளுங்கள். பைனாகுலரை அவள் அம்மாவிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா