ரோல்ஸை இரண்டாம் கோட்பாட்டில் தொடங்காதீர்கள்: அரசறிவியல் ரீச்சரிடம் கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி, உயர்தர மாணவி): ரீச்சர், ரோல்ஸின் நீதி என்றால் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவதுதானே?

இல்லை மகள். 1971இல் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் நீதிக்குச் சொன்னது இரண்டு கோட்பாடுகள். முதலாவது, பேச்சு, மனச்சாட்சி, வாக்கு போன்ற அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லாருக்கும் ஒரே அளவில். இரண்டாவதில் இரண்டு பகுதி உண்டு. பதவிகள் நியாயமான சமவாய்ப்போடு எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும். மிஞ்சும் ஏற்றத்தாழ்வு ஆகக் கீழே இருப்பவருக்கு ஆகக்கூடிய நன்மை தரவேண்டும். ஏற்றத்தாழ்வே கூடாது என்று அவர் சொல்லவில்லை. இதில் வரிசைதான் உயிர். முதலாவதை விற்று இரண்டாவதை வாங்க முடியாது. றோட்டும் வீடும் தருகிறோம், வாயை மூடிக்கொண்டிரு என்று எந்த அரசும் சொல்ல அங்கே இடமில்லை. விடைத்தாளில் இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

கேள்வி (கிண்ணியா, கடற்றொழிலாளர்): டைனமைட் போடுகிறவர்கள் "கடல் பொது, பிடிக்கிற விதம் எங்கள் சுதந்திரம்" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஆங்கில மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859இலேயே பதில் சொல்லிவிட்டார் நானா. பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில்தான் ஒருவரின் சுதந்திரத்தில் அரசு கைவைக்கலாம். வெடி போட்டால் மீனோடு குஞ்சும் போகும், முருகைக்கல்லும் நொறுங்கும். பக்கத்தில் தூண்டில் போடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். அவருடைய சோற்றில் கைவைப்பது எப்படி இவர்களுடைய சுதந்திரமாகும்?

கேள்வி (திருகோணமலை நகரம்): அரச அலுவலகம் ஒன்றில் எனக்குப் பாரபட்சம் நடந்தது. சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை உதவுமா?

உதவலாம். ஆனால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். என்னோடு பேசி நாளைக் கடத்தாமல் இன்றே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

கேள்வி (தம்பலகாமம், மாணவர்): ரோல்ஸ், நோசிக் வேறுபாடு, குறிப்பாகத் தாருங்கள்.

குறிப்பு தரமாட்டேன் தம்பி, ஒரு வரி தருகிறேன். கடைசியில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, அது எந்த வழியில் வந்தது என்பதே அமெரிக்க மெய்யியலாளர் நோசிக்கின் கேள்வி. மிச்சத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (கொழும்பில் குடியேறிய திருகோணமலைத் தந்தை): என் மகனுடைய இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) இங்கே மருத்துவம் இல்லை. அதைவிடக் குறைந்த புள்ளிக்கு ஊரில் கிடைக்கிறது. இதுவா சமத்துவம்?

உங்கள் வயிற்றெரிச்சல் விளங்குகிறது ஐயா. மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. புள்ளி திறமையை மட்டும் அளக்கவில்லை. ஆய்வுகூடம், ஆசிரியர், ரியூஷன் எல்லாம் சேர்ந்துதான் அந்த இலக்கம். ரோல்ஸ் கேட்பதுபோல, பிள்ளை எந்த மாவட்டத்தில் பிறக்கும் என்று தெரியாமல் விதி எழுதச் சொன்னால் நீங்களே இப்படி ஒரு கோட்டா (ஒதுக்கீடு) வைப்பீர்கள்.

அவரே மறுபடியும்: 1970களில் தரப்படுத்தலால் எரிந்த தமிழர் இப்போது கோட்டாவைப் புகழலாமா?

இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். அப்போது முதலில் வந்தது மொழிமூலத் தரப்படுத்தல். பரீட்சை எழுதிய மொழிக்காகவே தமிழ்மூலப் பிள்ளை கூடிய புள்ளி எடுக்கவேண்டியிருந்தது. வசதிக் குறைவைப் பார்ப்பது வேறு, மொழியைப் பார்ப்பது வேறு.

குறுக்கே மூதூர் ஆசிரியர்: ரீச்சர், மாவட்டம் முழுக்க ஒரே மாதிரியா? நகரத்துப் பெரிய பாடசாலையில் ரியூஷனோடு படித்த பிள்ளைக்கும் ஈச்சிலம்பற்றுப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. ஆகக் கீழே இருப்பவர் எங்கே?

இதுதான் இன்றைக்கு வந்த ஆகக் கூர்மையான கேள்வி, சேர். கோட்டாவின் பலனை நகரத்துப் பிள்ளை எடுத்துக்கொண்டால் ரோல்ஸின் இரண்டாம் கோட்பாடு நிறைவேறவில்லை. பொருளியலாளர் அமர்த்தியா சென் இன்னும் கிட்டப் போவார். கையில் என்ன கொடுத்தோம் என்பதோடு நிற்காமல், அதைக்கொண்டு அந்தப் பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கச் சொல்வார். பின்னேர வகுப்பு முடிந்தபின் வீட்டுக்குப் போக பஸ் இல்லாத பிள்ளைக்கு, வகுப்பு இலவசம் என்பதால் என்ன பயன்?

கேள்வி (சாம்பல்தீவு, மாணவி): ரோல்ஸ் சமமாகப் பங்கிடச் சொன்னாரா?

முதலாவது பதிலைப் பாருங்கள். வரிசையோடு.

மூதூர் ஆசிரியர்: அப்போ கோட்டாவை எடுத்துவிடுவதா?

எடுத்தால் ஈச்சிலம்பற்றுக்கு இப்போது இருக்கிற கதவும் அடைபடும். அளவுகோலை மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கு இறக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் பதினோராம் தரம்வரை படித்த பிள்ளையைத் தனியாகக் கணக்கெடுக்கட்டும். சலுகைக்காக அப்படிப்பட்ட பாடசாலைகளில் பிள்ளைகளைப் பொய்யாகப் பதிவார்கள் என்று கொழும்பு ஐயா சொல்வார். பதிவார்கள். அதைப் பிடிக்க வழி தேடுவோம்; நீங்கள் வகுப்பில் கண்டதை வைத்து எழுதுங்கள் சேர், நாளைக்கு அதிலிருந்து தொடங்குவோம்.